பிளாஸ்டிக்குள்ளயே வெள்ளி நானோ துகள் வளர்க்கிறது எப்படி: சூடு மட்டும் வச்சு செய்யற முறை

எம்எஸ்சி ப்ராஜெக்ட்டுக்கோ பிஎச்டி முதல் வருஷத்துக்கோ நானோ காம்போசிட்னு, அதாவது பாலிமருக்குள்ள நானோ துகள் கலந்த பொருள்னு, தலைப்பு எடுக்கறவங்க நிறைய பேர் முதல்ல செய்யறது, ரெடிமேடா வர்ற வெள்ளி நானோ பவுடரை வாங்கி பாலிமர் கரைசல்ல கொட்டி கலக்கறது தான். அதுல ரெண்டு பிரச்சனை இருக்கு. காய்ஞ்ச நானோ பவுடர் டப்பாவுல இருக்கும்போதே ஒன்னோட ஒன்னு ஒட்டிக்கிட்டு கட்டியா இருக்கும், அதை எவ்வளவு நேரம் சோனிகேட்டர்ல, அதாவது ஒலி அலையால கலக்கி பிரிக்கற மெஷின்ல, வச்சாலும் முழுசா பிரிக்க முடியாது, கடைசியில ஃபிலிம் சாம்பல் கலர்ல திட்டு திட்டா வரும். இன்னொன்னு, அந்த பவுடர் காத்துல பறந்து மூச்சுல போகும், அது நுரையீரலுக்கு நல்லதில்ல.

துகளை வெளியில செஞ்சு உள்ள போடறதுக்கு பதிலா பாலிமருக்குள்ளயே பிறக்க வைக்கலாம். உலோகத்தோட உப்பையோ வேற ஏதாவது சேர்மத்தையோ பாலிமர் கரைசல்ல கரைச்சு, ஃபிலிம் ஊத்தி, நல்லா காயவிட்டு, அப்புறம் சூடு காட்டணும். சூட்டுல அந்த சேர்மம் சிதையும், உலோக அணுக்கள் வெளிய வரும், கிட்ட கிட்ட இருக்கறது சேர்ந்து சின்ன துகளா உக்காரும், சுத்தி பாலிமர் கெட்டியா இருக்கறதால ஒரு துகள் தூரமா நகர்ந்து போய் இன்னொன்னோட ஒட்டிக்க முடியாது. பெருசாகாம தடுக்கற வேலைய பாலிமரே பாத்துக்குது, தனியா எந்த ஸ்டெபிலைசரும் வேணாம். இப்படி சிதையற சேர்மத்தை லேப்ல பிரிகர்சர்னு தான் சொல்லுவாங்க, நானும் அப்படியே சொல்றேன்.

இங்க ரெண்டு வழி சொல்லப்போறேன். ஒன்னு பாலிவினைல் ஆல்கஹால், அதாவது பிவிஏ, அதுல சில்வர் நைட்ரேட். தண்ணியிலயே செய்யலாம், செலவு கம்மி, ஹாட் ஏர் ஓவன் இருந்தா போதும், சாதாரண காலேஜ் லேப்லயே நடக்கும். ஹைதராபாத் யூனிவர்சிட்டியில டி.பி. ராதாகிருஷ்ணன் குரூப் 2000கள்ல இந்த வெள்ளி-பிவிஏ ஃபிலிம் மேல நல்ல வேலை செஞ்சிருக்காங்க. இன்னொன்னு பாலிஸ்டைரீன்ல சில்வர் மெர்காப்டைட், அதாவது வெள்ளியும் கந்தகமும் பிணைஞ்ச ஒரு சேர்மம், இத்தாலியில நேப்பிள்ஸ்ல கரோதெனூத்தோ, நிக்கொலாய்ஸ் ரெண்டு பேரும் அவங்க கூட இருந்தவங்களும் வளர்த்த வழி. இது கொஞ்சம் கஷ்டம், ஃப்யூம் ஹுட், அதாவது புகைய வெளிய இழுக்கற அடைப்பு மேசை, கண்டிப்பா வேணும், ஆனா வெறும் சூட்டுலயே பிரிகர்சர் தானா உடையறதுன்னா என்னன்னு உண்மையா புரியறது இதுல தான்.

முதல்ல வெப்பநிலை கணக்கு

கெமிக்கல் வாங்கறதுக்கு முன்னாடியே ஒரு பேப்பர்ல மூணு நம்பர் எழுதுங்க. பாலிமர் எந்த டிகிரியில இளகும், பிரிகர்சர் எந்த டிகிரியில சிதையும், பாலிமர் எந்த டிகிரியில கெட்டுப்போகும். ரெண்டாவது நம்பர் மத்த ரெண்டுக்கும் நடுவுல விழணும், அவ்வளவு தான் இந்த முறையோட ஆதாரமே. பாலிமர் இளகறதுக்கு முன்னாடியே பிரிகர்சர் உடைஞ்சா அணுக்கள் நகர முடியாம வேலை பாதியில நிக்கும், பாலிமர் கெட்டுப்போற டிகிரி வரைக்கும் போனா துகள் வரும், ஆனா சுத்தி இருக்கறது கருகின பிளாஸ்டிக்கா இருக்கும்.

பாலிஸ்டைரீன் 100 டிகிரி செல்சியஸ் கிட்ட இளக ஆரம்பிக்கும், ஆக்சிஜன் இல்லாம வச்சா 300 கிட்ட வரைக்கும் தாங்கும், அதனால நடுவுல நமக்கு நிறைய இடம் இருக்கு. பிவிஏ காய்ஞ்ச நிலையில 85 டிகிரி பக்கத்துல இளகும், 200 தாண்டினா தன்கிட்ட இருக்கற ஓஹெச் குரூப்பை தண்ணியா விட்டுட்டு பழுப்பாக ஆரம்பிக்கும், இங்க இடம் குறுகல். பாலிஇமைடு மாதிரி பிளாஸ்டிக் 300 டிகிரியில கியூர் பண்றதையே, அதாவது சூட்டுல இறுக வைக்கறதையே, தாங்கும், அதனால தான் அமெரிக்காவுல நாசா லாங்லி பக்கம் வெள்ளி சேர்மத்தை பாலிஇமைடுல கலந்து சூடு பண்ணி கண்ணாடி மாதிரி பளபளக்கற ஃபிலிம் எடுக்க முடிஞ்சது.

பிரிகர்சர் பக்கம் பாத்தா சில்வர் அசிடேட் 220 டிகிரி சுமாருக்கு உடையும், பல்லாடியம் அசிடேட் 200 தாண்டி, காப்பர் ஃபார்மேட் 200 பக்கம், இதுல காப்பரை காத்துல செஞ்சா ஆக்சைடா போயிடும்ங்கறதால நைட்ரஜன் வேணும். சில்வர் நைட்ரேட் தனியா இருந்தா 440 டிகிரி வரைக்கும் உடையாது. அப்புறம் எப்படி பிவிஏல 110 டிகிரிலயே வேலை நடக்குதுன்னு கேக்கலாம். அங்க வெறும் சிதைவு மட்டும் நடக்கல, பிவிஏவோட ஓஹெச் குரூப்பே வெள்ளி அயனிக்கு எலக்ட்ரான் குடுத்து உலோகமா மாத்துது, அதுக்கு பதிலா சங்கிலியில அங்கங்க கீட்டோன் உருவாகுது, நைட்ரிக் ஆசிட் வெளிய வருது. சூடு அந்த வினைய முடுக்கி விடுது. உங்க ரிப்போர்ட்ல இதை தெர்மல் டிகம்போசிஷன்னு மொட்டையா எழுதிடாதீங்க, தெர்மல் ரிடக்ஷன்னு எழுதுங்க, வைவாவுல கண்டிப்பா இந்த கேள்வி வரும்.

ஒரு எச்சரிக்கை இப்பவே சொல்லிடறேன். குறைஞ்ச டிகிரியில உடையுதேன்னு சில்வர் ஆக்சலேட் பக்கம் போயிடாதீங்க, அது சூட்டுல வெடிக்கும். நிக்கல் கார்பனைல், அயர்ன் பென்டாகார்பனைல் எல்லாம் கொடிய விஷம், அதுக்குன்னே பயிற்சி எடுத்தவங்க இருக்கற லேப்ல மட்டும் தொடற விஷயம்.

எவ்வளவு வெள்ளி போடணும்

இந்த இடத்துல தான் நிறைய ஃபிலிம் வீணாகுது, அதனால கொஞ்சம் நிதானமா போலாம். 1 சதவீதம், 3 சதவீதம், 5 சதவீதம்னு வரிசையா போட்டுட்டு எல்லாத்தையும் யூவி விசிபிள்ல, அதாவது எந்த அலைநீள ஒளிய எவ்வளவு உறிஞ்சுதுன்னு அளக்கற மெஷின்ல, வச்சு பாத்தா மேல தட்டையா, நறுக்கிவிட்ட மாதிரி ஸ்பெக்ட்ரம் வரும். அது ஸ்பெக்ட்ரமே இல்ல, ஃபிலிம் ரொம்ப கருப்பா இருக்கறதால டிடெக்டர்க்கு ஒளியே வரலைன்னு அர்த்தம்.

கணக்கு போட்டு பாருங்க. 9 சென்டிமீட்டர் பெட்ரி டிஷ், அதோட பரப்பு 64 சதுர சென்டிமீட்டர் சுமார். 5 சதவீத பிவிஏ கரைசல் 15 மில்லி ஊத்தினா 0.75 கிராம் பாலிமர், காய்ஞ்சா 90 மைக்ரான் கனம் வரும். பாலிமர்ல 1 சதவீதம் வெள்ளின்னா ஒரு சதுர சென்டிமீட்டர்க்கு 0.12 மில்லிகிராம் வெள்ளி. வெள்ளி நானோ துகள் ஒளிய உறிஞ்சறதுல ரொம்ப வலுவானது, இந்த அளவு முழுசா துகளா மாறினா அப்சார்பன்ஸ், அதாவது ஒளி உறிஞ்சற அளவு, 10க்கு மேல போகும். சாதாரண மெஷின் 3 வரைக்கும் உருப்படியா காட்டினாலே பெருசு. அதனால 90 மைக்ரான் ஃபிலிம்னா 0.1 சதவீதத்துல ஆரம்பிங்க, அப்சார்பன்ஸ் 1லிருந்து 2க்குள்ள வரும். 1 சதவீதம் வேணும்னா கண்ணாடி மேல ஸ்பின் கோட் பண்ணி, அதாவது கண்ணாடிய வேகமா சுத்தவிட்டு கரைசலை மெல்லிசா பரப்பி, ஒரு சில மைக்ரான் கனத்துல எடுங்க. எக்ஸ்ஆர்டிக்கு, அதாவது எக்ஸ்ரே விட்டு படிக அமைப்பை பாக்கற டெஸ்ட்டுக்கு, மட்டும் நேர் எதிர், அதுக்கு 1 சதவீதமாவது இருந்தா தான் வெள்ளி பீக் தெரியும். ரெண்டு செட் தனித்தனியா போடறது தான் நல்லது, ஒரே ஃபிலிம்ல எல்லா டெஸ்ட்டையும் முடிச்சிடலாம்னு நினைக்காதீங்க.

0.1 சதவீதத்துக்கு அளவு சொல்றேன். 5 கிராம் பிவிஏக்கு 5 மில்லிகிராம் வெள்ளி வேணும். சில்வர் நைட்ரேட்ல எடையில 63.5 சதவீதம் தான் வெள்ளி, அதனால 8 மில்லிகிராம் சில்வர் நைட்ரேட். இவ்வளவு கம்மியா நேரா எடை போட்டா தப்பு பெருசா வரும். 0.17 கிராம் எடுத்து 100 மில்லி தண்ணியில கரைச்சு பழுப்பு பாட்டில்ல ஸ்டாக்கா வச்சுக்குங்க, அது 10 மில்லிமோலார், ஒரு மில்லியில 1.08 மில்லிகிராம் வெள்ளி இருக்கும். அதுல 4.6 மில்லி எடுத்தா வேலை முடிஞ்சது.

பிவிஏ ஃபிலிம் ஊத்தறது

தண்ணி டபுள் டிஸ்டில்டு இல்லன்னா மில்லிபோர் தண்ணியா இருக்கணும். போர் தண்ணியோ கார்ப்பரேஷன் தண்ணியோ ஒரு சொட்டு கூட வேணாம், பாத்திரத்தை கடைசியா அலசறதும் அந்த சுத்தமான தண்ணியில தான். போர், கார்ப்பரேஷன் தண்ணியில குளோரைடு இருக்கும், சில்வர் நைட்ரேட் பட்டதும் வெள்ளையா கலங்கும், சில்வர் குளோரைடு விழுந்துடுச்சுன்னு அர்த்தம், அந்த கரைசலை வச்சு மேல போறதுல பிரயோஜனமே இல்ல.

95 மில்லி குளிர்ந்த தண்ணியில ஸ்டர்ரரை ஓடவிட்டு 5 கிராம் பிவிஏவை மெதுவா தூவுங்க. கொதிக்கற தண்ணியில மாவைக் கொட்டினா எப்படி கட்டி தட்டுமோ அப்படித்தான் இதுவும், சூடான தண்ணியில போட்டா வெளிப்புறம் மட்டும் ஊறி உள்ள காய்ஞ்ச கட்டியா நின்னுடும். பவுடர் எல்லாம் பரவினதுக்கு அப்புறம் தான் சூட்டை ஏத்தணும், 90 டிகிரிக்கு கொண்டுபோய் மூடி வச்சு ரெண்டு மணி நேரம் ஓடட்டும், கண்ணாடி மாதிரி தெளிவா வரணும். ஆவியா போன தண்ணிய எடை பாத்து திருப்பி சேருங்க.

இப்ப ஒரு முக்கியமான விஷயம், கரைசல் அறை வெப்பநிலைக்கு வர்ற வரைக்கும் சில்வர் நைட்ரேட் ஸ்டாக்கை கிட்டயே கொண்டு வராதீங்க. சூடா இருக்கும்போது ஊத்தினா வினை கரைசல்லயே ஆரம்பிச்சுடும், ஓவனுக்கு போறதுக்கு முன்னாடியே மஞ்சளாகிடும், அப்புறம் எந்த டிகிரியில எவ்வளவு நேரத்துல என்ன ஆச்சுன்னு நீங்க போடற கிராஃப்க்கு அர்த்தமே இருக்காது. ஆறினதும் ஸ்டாக்கை சொட்டு சொட்டா விட்டு, பீக்கரை அலுமினியம் ஃபாயில்ல சுத்தி, அரை மணி நேரம் கலக்குங்க. ஸ்டாக் சேர்த்ததுல கரைசல் கொஞ்சம் நீர்க்கும், கனத்துல பெரிய வித்தியாசம் வராது.

குமிழி போகறதுக்கு ஒரு ராத்திரி அப்படியே வச்சாலே போதும், வேக்யூம் வசதி இருந்தா இன்னும் சீக்கிரம். அப்புறம் லெவல் பாத்து வச்ச பெட்ரி டிஷ்ல 15 மில்லி ஊத்தி, இருட்டுல, தூசி படாம, 40 டிகிரிக்கு மேல போகாம காயவிடுங்க. மழைக்காலத்துல கடலோர ஊர்ல இருக்கறவங்களுக்கு இது நாள் கணக்குல இழுக்கும், அவசரப்பட்டு ஓவன்ல வச்சிடாதீங்க, சிலிக்கா ஜெல் போட்ட டெசிக்கேட்டர்ல வைங்க. பிவிஏக்குள்ள மிச்சம் இருக்கற தண்ணி பாலிமரை இளக்கும், ஒரே பேட்ச்ல ஈரமான ஃபிலிமும் காய்ஞ்ச ஃபிலிமும் ஒரே டிகிரியில வேற வேற மாதிரி நடந்துக்கும், 100 டிகிரி தாண்டினதும் ஆவியாகி குமிழி விடும். எடை மாறாம நிக்கற வரைக்கும் காயணும்.

வெள்ளி சேர்க்காத வெறும் பிவிஏ ஃபிலிமும் அதே நாள், அதே அளவு, அதே டிஷ்ல ஊத்திடுங்க. இதை மறந்தீங்கன்னா மீதி எல்லாமே சந்தேகத்துக்கு இடமாகிடும், ஏன்னு இப்ப சொல்றேன்.

ஓவன்

பிவிஏ வெறுமனே சூடு பட்டாலே மஞ்சளாகும். வெள்ளியே இல்லாத ஃபிலிமை 150 டிகிரியில ரொம்ப நேரம் வச்சாலும் ஒரு மங்கின மஞ்சள் வரும், இன்னும் ஏத்தினா பழுப்பு. வெள்ளி நானோ துகளோட கலரும் மஞ்சள் தான். கண்ணால பாத்து மஞ்சள் வந்துடுச்சு நானோ வந்துடுச்சுன்னு எழுதறது ரொம்ப சகஜமா நடக்குது, பப்ளிஷ் பண்றதுக்கு முன்னாடி ரெஃப்ரி கேக்கற முதல் கேள்வி வெறும் பாலிமரை அதே மாதிரி சூடு பண்ணி பாத்தீங்களாங்கறது. அதனால ஒவ்வொரு வெள்ளி துண்டு பக்கத்துலயும் ஒரு வெறும் துண்டு, அதே தட்டுல, அதே நேரம் வைங்க. ஸ்பெக்ட்ரம் எடுக்கும்போது பேஸ்லைனுக்கு அந்த சூடு பட்ட வெறும் துண்டையே வைங்க, காத்தையோ சூடு படாத ஃபிலிமையோ வைக்காதீங்க.

ஃபிலிமை 1 சென்டிமீட்டருக்கு 4 சென்டிமீட்டர் துண்டா வெட்டினா யூவி மெஷினோட குவெட் ஹோல்டர்ல நேரா நிக்கும். ஓவனை முன்கூட்டியே சூடாக்கி, டிஸ்பிளேல காட்டற நம்பரை நம்பாம, ஒரு தெர்மோகப்பிள் முனைய ஃபிலிம் வைக்கற தட்டுலயே டேப் போட்டு ஒட்டி பாருங்க. பழைய ஓவன்ல மேல் தட்டுக்கும் கீழ் தட்டுக்கும் 10 டிகிரி வித்தியாசம் இருந்தாலும் ஆச்சரியமில்ல, இந்த வேலையில 10 டிகிரி ரொம்ப பெரிய விஷயம்.

110 டிகிரியில ஒரு மணி நேரம் வச்சா வெளிர் மஞ்சள்ல ஆரம்பிச்சு தெளிவான மஞ்சளுக்கு வரும். 160 டிகிரில அதே வேலை கால் மணி நேரத்துல முடியும். நான் சொல்றது, 110, 130, 150 மூணு டிகிரி, ஒவ்வொன்னுலயும் 15, 30, 60 நிமிஷம், மொத்தம் ஒன்பது துண்டு, கூட ஒன்பது வெறும் துண்டு. வெளிய எடுத்ததும் ஆறின ஸ்டீல் தட்டுல வைங்க, சூடான தட்டுலயே விட்டுட்டா உள்ள வினை ஓடிக்கிட்டே இருக்கும், 15 நிமிஷம்னு எழுதின சேம்பிள் உண்மையில 20 நிமிஷம் ஆகியிருக்கும்.

வெளிர் மஞ்சள், தங்க மஞ்சள், அப்புறம் பழுப்பு, இந்த வரிசைய நீங்களே கண்ணால பாக்கலாம். வெள்ளி அணுக்கள் ஒரு அளவுக்கு மேல சேர்ந்ததும் திடீர்னு நிறைய கரு, அதாவது துகள் வளர ஆரம்பிக்கற முளை, உருவாகும், அதுக்கப்புறம் வர்ற அணுக்கள் புதுசா கரு போடாம இருக்கற கரு மேலயே போய் உக்காரும். லாமரும் டைனிகரும் 1950ல கந்தக கூழ்மத்துக்கு சொன்ன விளக்கம் இது, இங்கயும் பொருந்தும். வேகமா சூடு ஏறினா ஒரே சமயத்துல கரு நிறைய விழும், வெள்ளி அத்தனைக்கும் பங்காகும், துகள் சின்னதா வர வாய்ப்பு அதிகம். மெதுவா 2 டிகிரி 3 டிகிரியா ஏத்திக்கிட்டே போனா முதல்ல விழுந்த கொஞ்ச கருவே எல்லாத்தையும் வாங்கிக்கும். முடிஞ்சதுக்கு அப்புறமும் ரொம்ப நேரம் சூட்டுல விட்டா சின்ன துகள் கரைஞ்சு பெரிய துகளுக்கு போயிடும். அதனால துகள் அளவு வேணும்னா வெள்ளி சதவீதத்தை மாத்தறதுக்கு முன்னாடி சூடு ஏத்தற வேகத்தை மாத்தி பாருங்கன்னு தான் நான் சொல்லுவேன்.

வந்துடுச்சான்னு எப்படி தெரிஞ்சுக்கறது

யூவி விசிபிள்ல தண்ணியில இருக்கற சின்ன உருண்டை வெள்ளி துகளுக்கு 400 நானோமீட்டர் பக்கம் பீக் வரும். பிவிஏவோட ஒளிவிலகல் எண் 1.5 கிட்ட, தண்ணிய விட அதிகம், அதனால பீக் 410லிருந்து 430க்கு தள்ளிப்போகும். பேப்பர்ல 400னு போட்டிருக்கு எனக்கு 422 வருதேன்னு பயப்பட வேணாம். இந்த கலர் எங்கிருந்து வருதுங்கறதுக்கு கணக்கு 1908ல குஸ்டாவ் மீ போட்டது தான் இன்னிக்கும் ஓடுது. பீக் 500, 550 பக்கம் வால் மாதிரி நீண்டுச்சுன்னா துகள் சேர்ந்து கட்டியாகியிருக்கும். பீக் ரொம்ப அகலமா, உயரம் கம்மியா இருந்தா துகள் 5 நானோமீட்டருக்கும் கீழ ரொம்ப சின்னதா இருக்கலாம், இதுவும் அகலப்படுத்தும், அதனால அகலத்தை மட்டும் வச்சு கட்டின்னு முடிவு பண்ணாதீங்க.

எக்ஸ்ஆர்டில காப்பர் எக்ஸ்ரே கதிர்க்கு 38.1, 44.3, 64.4, 77.4 டிகிரி கோணத்துல வெள்ளி பீக் இருக்கும், 19.5 பக்கம் அகலமா தெரியறது பிவிஏவோடது. பீக் அகலத்தை வச்சு துகள் அளவு கண்டுபிடிக்கற ஷெரர் சமன்பாட்டுல போடும்போது பீக்கோட அகலத்தை டிகிரியில இருந்து ரேடியனுக்கு மாத்தறத நிறைய பேர் விட்டுடறாங்க. உதாரணத்துக்கு 38.1 பீக் பாதி உயரத்துல 0.9 டிகிரி அகலம்னா ரேடியன்ல 0.0157, கதிரோட அலைநீளம் 0.154 நானோமீட்டர், அதை 0.9ஆல பெருக்கி, அகலத்தாலயும், 38.1ல பாதியான 19.05 டிகிரியோட கொசைன் 0.945ஆலயும் வகுத்தா 9.3 நானோமீட்டர். மெஷினோட சொந்த அகலத்தையும் கழிக்கணும், கழிச்சா துகள் இன்னும் கொஞ்சம் பெருசா வரும்.

டெம், அதாவது டிரான்ஸ்மிஷன் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் படம், எடுக்க பணம் அதிகம், ஒரு நல்ல சேம்பிளுக்கு மட்டும் எடுங்க. சூடு பட்ட பிவிஏ படிகத்தன்மை கூடி தண்ணியில லேசுல கரையாது, அதனால ஃபிலிமை கரைச்சு கிரிட்ல, அதாவது டெம்ல சேம்பிள் வைக்கற சின்ன வலையில, விடலாம்ங்கற ஐடியா சில சமயம் கைகுடுக்காது. மைக்ரோடோம்ங்கற கருவியில ரொம்ப மெல்லிசா சீவறது ஒரு வழி. இன்னொரு வழி எனக்கு ரொம்ப பிடிச்சது: கண்ணாடி மேல முதல்ல மெல்லிசா பாலிஸ்டைரீன் கோட் பண்ணி, காய்ஞ்சதும் அது மேல பிவிஏ-வெள்ளி கரைசலை ஸ்பின் பண்ணி, சூடு பண்ணி, அப்படியே டொலுவீன்ல போடுங்க, கீழ இருக்கற பாலிஸ்டைரீன் மட்டும் கரையும், பிவிஏ டொலுவீன்ல கரையாது, மெல்லிசான ஃபிலிம் தனியா மிதந்து வரும், அதை கிரிட்லயே ஏந்தி எடுத்துக்கலாம்.

பாலிஸ்டைரீன்ல மெர்காப்டைட் வழி

இங்க பாலிமர் எலக்ட்ரான் எதுவும் குடுக்காது, பிரிகர்சரே தானா உடையணும். சில்வர் டோடெசில் மெர்காப்டைட்ல வெள்ளியும் கந்தகமும் பிணைஞ்சு இருக்கும், 180லிருந்து 200 டிகிரி பக்கம் அந்த பிணைப்பு விட்டு வெள்ளி உலோகமா வெளிய வரும், கந்தகம் இருக்கற பகுதி ரெண்டு ரெண்டா சேர்ந்து டைசல்ஃபைடா மாறும். அந்த டைசல்ஃபைடு எங்கயும் போகாது, எண்ணெய் மாதிரி ஃபிலிமுக்குள்ளயே இருந்து பாலிஸ்டைரீனை கொஞ்சம் இளக்கும், அதனால மெக்கானிக்கல் டெஸ்ட் செய்யறவங்க இதை கணக்குல எடுத்துக்கணும்.

பிரிகர்சர் செய்ய, ஒரு மில்லிமோல் அளவுக்கு 0.17 கிராம் சில்வர் நைட்ரேட்டை அசிட்டோநைட்ரைல்ல கரைச்சு, 0.2 கிராம் டோடெகேன்தயோலை கொஞ்சம் எத்தனால்ல கலந்து, அறை வெப்பநிலையில சொட்டு சொட்டா விடுங்க. உடனே வெளிர் நிறத்துல வீழ்படிவு வரும். வடிகட்டி, எத்தனால்லயும் அசிட்டோன்லயும் நிறைய தடவை கழுவி, இருட்டுல காயவிட்டா அதிகபட்சம் 0.31 கிராம் கிடைக்கும். இந்த கலவைய எந்த காரணத்துக்காகவும் சூடு பண்ணாதீங்க, அப்படியே மூடி நாள் கணக்குல வைக்காதீங்க. வினையில நைட்ரிக் ஆசிட் வருது, சில்வர் நைட்ரேட், நைட்ரிக் ஆசிட், எத்தனால் மூணும் சேர்ந்து சூடானா சில்வர் ஃபல்மினேட் உருவாகலாம், அது தொட்டாலே வெடிக்கற சாதி. இந்த ஒரு ஸ்டெப் கைடுக்கு தெரியாம, தனியா, ராத்திரியில செய்யவே கூடாது.

தயோல் நாத்தம் பத்தியும் சொல்லணும். பாட்டில் திறக்கறதுல இருந்து பாத்திரம் கழுவற வரைக்கும் எல்லாம் ஹுட்டுக்குள்ள தான், கிளவுஸை கூட அங்கயே கழட்டி மூடி போட்ட டப்பால போடணும். பாத்திரத்தை ப்ளீச் கரைசல்ல ஊறவச்சா நாத்தம் அடங்கும், ஆனா அதுக்கு முன்னாடி ஆசிட், அசிட்டோன் மிச்சம் இல்லாம தண்ணியில அலசிடுங்க, ப்ளீச்சும் ஆசிட்டும் சேர்ந்தா குளோரின் கேஸ் வரும்.

1 கிராம் பாலிஸ்டைரீனை 15 மில்லி டொலுவீன்ல கரைச்சு, நல்லா அரைச்ச மெர்காப்டைட் 50 மில்லிகிராம் போட்டு சோனிகேட் பண்ணுங்க. குளிர்ந்த நிலையில இது கரையாது, தொங்கல் கரைசலா தான் இருக்கும், ஊத்தின ஃபிலிமும் மங்கலா வெள்ளையா வரும், அது சரி தான். டொலுவீன் முழுசா போகணும், இல்லன்னா 110 டிகிரியில குமிழி. அப்புறம் ஹாட் பிளேட்ல வைங்க, 130 டிகிரி தாண்டும்போது மெர்காப்டைட் இளகி பாலிமரோட கலக்கும், ஃபிலிம் உங்க கண்ணு முன்னாடியே தெளியும், 180 தாண்டினதும் மஞ்சள் ஏறும். 200 கிட்ட ஒரு சில நிமிஷம் போதும். கண்ணாடி ஸ்லைடு ரெண்டுக்கு நடுவுல வச்சு செஞ்சா காத்து படாது, பாலிஸ்டைரீன் கருகாது. 50 மில்லிகிராம்ங்கறது 1.7 சதவீதம் வெள்ளி, யூவிக்கு வேணும்னா 3 மில்லிகிராமுக்கு இறங்குங்க.

இந்த வழியில கவனிக்க வேண்டிய முக்கியமான சந்தேகம், வந்தது வெள்ளியா இல்ல சில்வர் சல்ஃபைடாங்கறது. சூடு அதிகமாச்சுன்னாலோ நேரம் நீண்டுச்சுன்னாலோ கந்தகம் வெள்ளியோட ஒட்டிக்கிட்டு சல்ஃபைடு ஆகலாம், ஃபிலிம் பழுப்பாகி கருக்கும், 430 பக்கம் இருக்கற பீக் மங்கிப்போகும். டிஜிஏ, அதாவது சூடு ஏத்திக்கிட்டே எடை எவ்வளவு குறையுதுன்னு பாக்கற டெஸ்ட், எடுத்தா இதை சுலபமா பிரிச்சு பாக்கலாம். மெர்காப்டைட்டை மட்டும் நைட்ரஜன்ல சூடு பண்ணி கடைசியில மிஞ்சற எடைய பாருங்க, சுத்தமான வெள்ளின்னா 34.9 சதவீதம் நிக்கும், சல்ஃபைடுன்னா 40 சதவீதம். ரெண்டுக்கும் நடுவுல நின்னா ரெண்டும் கலந்திருக்கு. பாலிமர் ஃபிலிம்ல டிஜிஏ போடாம தனி பிரிகர்சர்ல போடறது எதுக்குன்னா, ஃபிலிம்ல பாலிஸ்டைரீன் எடை இழக்கறது எல்லாத்தையும் மூடிடும்.

தங்கம் வேணும்னா இதே மாதிரி கோல்டு மெர்காப்டைட், 200 டிகிரி பக்கம், கலர் சிவப்பு. விலை தான் கையைக் கடிக்கும், வெள்ளியில கை பழகினதுக்கு அப்புறம் போங்க.

சரியா வராத சமயத்துல

பிவிஏ ஃபிலிம் மேல கண்ணாடி மாதிரி வெள்ளி பளபளப்பு தெரிஞ்சா வெள்ளி சதவீதம் அதிகம், இல்லன்னா ரொம்ப மெதுவா சூடு ஏறி வெள்ளி மேற்பரப்புக்கு நகர்ந்திருக்கு. ஓரம் மட்டும் கருத்து நடுவுல மஞ்சளா இருந்தா காயும்போது உப்பு ஓரத்துக்கு இழுபட்டிருக்கு, டிஷ் லெவல் இல்ல, காத்து ஒரு பக்கம் அடிக்குது, நடுப்பகுதிய மட்டும் வெட்டி எடுத்துக்குங்க. சூடு பண்றதுக்கு முன்னாடியே ஃபிலிம் லேசா சிவந்திருந்தா வெளிச்சம் பட்டிருக்கு, அதை தெர்மல் சீரிஸ்ல சேர்க்காதீங்க, ஒளியும் வெள்ளிய உலோகமாக்கும்.

கையில சில்வர் நைட்ரேட் பட்டா கருப்பு கறை தோல் உரியற வரைக்கும் போகாது, கண்ணுல பட்டா ஆபத்து, அதனால கிளவுஸும் கண்ணாடியும் வேணும். பிவிஏ ஃபிலிம் ஓவன்ல சூடாகும்போது நைட்ரஜன் ஆக்சைடு கொஞ்சம் வரும், ஓவன் வாய் ஹுட்டுக்கோ ஜன்னலுக்கோ பக்கத்துல இருக்கணும். மிச்ச வெள்ளி கரைசலை சிங்க்ல ஊத்தாதீங்க, உப்புத்தண்ணி சேர்த்தா சில்வர் குளோரைடா அடியில படியும், வடிகட்டி ஒரு பாட்டில்ல சேர்த்து வச்சு டிபார்ட்மென்ட்ல குடுங்க, தண்ணியில வாழற சின்ன உயிர்களுக்கு வெள்ளி அயனி ரொம்ப கெடுதல். வெள்ளி கறை எடுக்கறதுக்கு அமோனியா போட்டீங்கன்னா அந்த கழுவின தண்ணிய அன்னிக்கே ஆசிட் ஊத்தி முறிச்சுடுங்க, வச்சிருந்தா வெடிக்கற படிவு உருவாகும்.

முடிஞ்ச ஃபிலிமை கறுப்பு கவர்ல, சிலிக்கா ஜெல் கூட போட்டு வைங்க. பிவிஏ ஈரத்தை இழுக்கும், உள்ள மாறாம மிச்சம் இருக்கற வெள்ளி அயனி நாள்பட மெல்ல துகளாகும், அதனால சூடு பண்ணின அன்னிக்கு எடுத்த ஸ்பெக்ட்ரமையும் ஒரு மாசம் கழிச்சு அதே துண்டுல எடுத்ததையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாத்துட்டு அப்புறம் தீசிஸ்ல எழுதுங்க.